சார்பறிந்து பொருள் கொள்க

விடியற்காலையில் எங்கோ சங்கு ஊதுகிறது. படுக்கையில் கிடப்பவன் கண்ணைத் திறக்குமுன் காதைத் தீட்டிக் கொள்கிறான். ஒலி கோயிலின் பக்கத்திலிருந்து வருமானால், பூஜை தொடங்கிவிட்டதென்று கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கிறான். அதே ஒலி சேகண்டியின் ஓசையோடு கலந்து தெருக்கோடியிலிருந்து வருமானால், "யார் வீட்டில்?" என்று மனம் பதைத்து வாசலுக்கு ஓடுகிறான். பஞ்சாலையின் நீராவிக் குழலுக்கும் நம் ஜனங்கள் சங்கு என்றே பெயரிட்டார்கள். அந்தச் சங்கு ஊதினால், தொழிலாளி சோற்றுப் பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடையை எட்டிப் போடுவான். 1942-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், ஜப்பானியர் வருகிறார்களென்ற அச்சத்தில் சென்னைவாசிகள் ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டு வெளியேறிக் கொண்டிருந்தபோது, அபாயச் சங்கென்ற சொல்லைக் கேட்டாலே பிள்ளை குட்டிகளை அணைத்துக்கொண்டு பதுங்கு குழியைத் தேடினார்கள். இத்தனைக்கும் நடுவே, தாய் தன் குழந்தைக்குப் பால் புகட்டும் சிறு பாத்திரத்திற்கும் சங்கென்றுதான் பெயர்.

பெயர் ஒன்று, பொருளோ பக்தி, துக்கம், வேலை, பயம், அன்பு என ஐந்தாகப் பிரிகிறது. சங்கு தானாக எதையும் சொல்வதில்லை. எந்த இடத்தில், எந்த வேளையில், யாரால், யாருக்காக ஊதப்படுகிறதென்பதே அதன் பொருளைத் தீர்மானிக்கிறது.

இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதானே, இதற்கு ஒரு கட்டுரை எதற்கு என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். தெரிந்த சங்கதிதான். ஆனால் தெரிந்ததைச் சமயத்தில் மறந்துவிடுவதால் விளைந்த கேடுகள் சிறியன அல்ல. ராஜ்யங்கள் நிலை குலைந்திருக்கின்றன. குற்றமற்றவர்களின் உயிர் போயிருக்கிறது. ஆகவே இதைச் சற்று விரித்துச் சொல்வது அவசியமென்று கருதுகிறோம்.

தந்தியும் கண்ணீரும்

தந்தி என்ற சொல்லை எடுத்துக் கொள்வோம். நம் தேசத்தில் தந்திச் சேவை 2013-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆயினும் அதைக் கண்டு வளர்ந்த தலைமுறையினருக்கு அந்தச் சொல்லின் நடுக்கம் இன்னும் மறக்கவில்லை. கிராமத்து வீட்டு வாசலில் தந்திச் சேவகன் சைக்கிளை நிறுத்தி மணியடித்தால், காகிதத்தைப் பிரித்துப் படிக்குமுன்பே உள்ளிருந்து அழுகைக் குரல் எழும். எழுத்துப் படிக்கத் தெரிந்தவரைத் தேடிப் பிடித்து வந்து வாசிக்கச் சொன்ன பிறகு, பிள்ளைக்கு உத்தியோகம் கிடைத்த செய்தி அதுவென்று தெரிந்து, அழுத கண்ணோடு சிரித்த குடும்பங்களும் உண்டு. அதே சேவகன், அதே நிறக் காகிதத்தோடு கல்யாணப் பந்தலுக்குள் நுழைந்தால் யாரும் அழமாட்டார்கள். "எங்கிருந்து வாழ்த்து வந்திருக்கிறது?" என்று ஆவலோடு கேட்பார்கள். சேவகன் மாறவில்லை, காகிதம் மாறவில்லை, மாறியது பந்தல் ஒன்றே.

சாதாரண வாழ்க்கையில் நாம் இந்தக் கணக்கைத் தவறின்றிப் போடுகிறோம். கறுப்பு உடை உடுத்தியவர் ஒருவர் எதிரே வருகிறார். அவர் கழுத்தில் துளசி மாலை இருந்து, மாதம் கார்த்திகையாகவும் இருந்தால், சபரிமலைக்கு விரதம் இருப்பவரென்று வழிவிட்டு வணங்குகிறோம். பொதுக்கூட்ட மேடையில் கருஞ்சட்டையோடு நிற்பவரைக் கண்டால், கடவுள் இல்லையென்று வாதிக்கும் கட்சியைச் சேர்ந்தவரென்று அறிந்துகொள்கிறோம். நீதிமன்றத்தின் வாசலில் கறுப்பு அங்கியைக் கண்டால் வக்கீல் என்கிறோம். 1928-இல் சைமன் கமிஷன் பம்பாயில் வந்திறங்கியபோது ஜனங்கள் உயர்த்திய கறுப்புக் கொடிக்கு, "திரும்பிப் போ" என்பதைத் தவிர வேறு பொருள் இருக்கவில்லை. நிறத்தை மாத்திரம் பார்த்து ஒருவன் முடிவு கட்டுவானாகில், பக்தனையும் நாத்திகனையும் வக்கீலையும் மறியல்காரனையும் ஒரே கட்சியில் சேர்த்துவிடுவான்.

உப்பும் குதிரையும்

நம் முன்னோர் இந்த உண்மையை நன்கு அறிந்திருந்தார்கள். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில், பல பொருள் தரும் ஒரு சொல் எவ்வாறு ஒரு பொருளில் நிலைபெறுகிறதென்பதற்கு மூன்று வழிகளைக் கூறுகிறார்: வினை, இனம், சார்பு. "மா" என்ற எழுத்து மரத்தையும் குறிக்கும்; விலங்கையும் குறிக்கும்; குதிரையையும் குறிக்கும். "மா பூத்தது" என்றால் மரமென்று வினையே காட்டிக் கொடுக்கிறது. போர்க்கவசம் பூண்டு நிற்கும் வீரன் "மா கொண்டு வா" என்று கூவினால், மாமரத்தைப் பிடுங்கி வருபவன் எவனும் இல்லை. அங்கே பொருளைத் தருவது சொல் அன்று. சொன்னவனின் கோலமும் நின்ற நிலையுமே. இதைத்தான் சார்பு என்றார்கள்.

வடமொழி ஆசிரியர்களும் இதற்கு ஓர் அழகான உதாரணம் வைத்திருக்கிறார்கள். "ஸைந்தவம்" என்பதற்கு இந்துப்பு என்றும் பொருள். சிந்து தேசத்துக் குதிரை என்றும் பொருள். எஜமானன் இலையின் முன் உட்கார்ந்து "ஸைந்தவம் கொண்டு வா" என்றால் உப்பு. வெளியே புறப்படும் கோலத்தில் நின்று சொன்னால் குதிரை. சாப்பாட்டுப் பந்தியில் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிற வேலைக்காரன் அகராதியைச் சரியாகப் படித்தவன்தான். ஆனால் அவனைப் புத்திசாலியென்று யாரும் சொல்வதில்லை.

இடம், பொருள், ஏவல் அறிந்து பேச வேண்டுமென்று நாம் அன்றாடம் சொல்லி வருகிறோம். பேசுவதற்கு மட்டுமல்ல, பிறர் பேச்சையும் செய்கையையும் புரிந்துகொள்வதற்கும் அதே விதி பொருந்தும் என்பதைத்தான் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

சப்பாத்தியைக் கண்டு கலங்கிய சர்க்கார்

மறந்ததனால் ஒரு பெரிய சர்க்காரே தடுமாறிய கதை 1857-ஆம் வருஷத்தில் நடந்தது. அவ்வருஷத் தொடக்கத்தில் வட இந்தியக் கிராமங்களில் ஒரு விசித்திரம் தோன்றிற்று. ஒரு கிராமத்துக் காவற்காரன் அடுத்த கிராமத்துக் காவற்காரனிடம் சில சப்பாத்திகளைக் கொடுப்பான். இவற்றைப் போலச் செய்து அடுத்த ஊர்களுக்கு அனுப்பென்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். வாங்கியவனும் அப்படியே செய்வான். ஏன் என்று கேட்டால் கொடுத்தவனுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது. மதுரா நகரத்தில் மாஜிஸ்ட்ரேட்டாக இருந்த மார்க் தார்ன்ஹில் ஒருநாள் தம் கச்சேரிக்குள் வந்தபோது, அவருடைய மேஜையின்மேலேயே நான்கு சப்பாத்திகள் கிடந்தன. ஓர் இரவில் நூறு மைலுக்கும் அதிகமான தூரத்தை இவை கடந்து செல்வதாக அக்காலத்து அதிகாரிகள் கணக்கிட்டார்கள். சப்பாத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் பலர் சர்க்காரின் காவற்காரர்களே என்பதுதான் வேடிக்கை.

சப்பாத்தியைப் பிய்த்துப் பார்த்தார்கள். உள்ளே கடிதம் இல்லை. திருப்பிப் பார்த்தார்கள், மேலே எழுத்து இல்லை. வட நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் தினந்தோறும் சுடுகிற கோதுமை ரொட்டிதான். ஆனால் காலம் சாதாரணக் காலம் அன்று. தோட்டாக்களில் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவப்பட்டிருக்கின்றனவென்ற செய்தி சிப்பாய்களிடையே ஜனவரியிலிருந்தே பரவிக்கொண்டிருந்தது. மாவில் எலும்புத் தூளைக் கலக்கிறார்களென்ற வதந்தி கடைத்தெருக்களில் உலவிற்று. அந்தக் காற்றில் பறந்து வந்த சப்பாத்தி வெறும் சப்பாத்தியாக இருக்க முடியுமா?

மே மாதம் 10-ஆந் தேதி மீரத்தில் சிப்பாய்கள் எழுந்தார்கள். உடனே ஆங்கிலேயர்களில் பலர், முன்னே வந்த சப்பாத்திகள் இந்தப் புரட்சிக்காக அனுப்பப்பட்ட ரகசிய ஓலைகளே என்று தீர்மானித்துவிட்டார்கள். 1858-இல் டில்லிச் செங்கோட்டையில் கிழச் சக்கரவர்த்தி பகதூர் ஷாவின்மேல் நடத்திய விசாரணையிலும் சாட்சிகளிடம் சப்பாத்தியைப் பற்றிக் கேள்வி கேட்கப்பட்டது. சாட்சி ஒருவர் சொன்ன விடை கவனிக்கத் தக்கது. வரவிருக்கும் ஏதோ ஒரு தீங்கை விலக்குவதற்கான சடங்கென்று சிலர் எண்ணினார்களாம். ஜனங்கள் எல்லோரும் கிறிஸ்தவர்களோடு ஒரே உணவை உண்ண வேண்டுமென்று காட்டுவதற்காகச் சர்க்காரே அனுப்பியதென்று வேறு சிலர் எண்ணினார்களாம். ஒரே சப்பாத்தியைக் கண்டு சர்க்கார் ஜனங்களைச் சந்தேகித்தது. ஜனங்கள் சர்க்காரைச் சந்தேகித்தார்கள்! காலரா முதலிய நோய்களை ஊரைவிட்டு ஓட்டுவதற்குப் பண்டங்களைக் கைமாற்றி அனுப்பும் பழைய கிராம வழக்கமே இதற்கு மூலமாக இருக்கலாமென்று பிற்காலத்துச் சரித்திர ஆசிரியர் சிலர் கருதுகிறார்கள்.

இதிலிருந்து தெரிவதென்ன? சப்பாத்தி புரட்சியை உண்டாக்கவில்லை. அச்சமும் அவநம்பிக்கையும் நிறைந்த சூழ்நிலைதான் சப்பாத்திக்குப் பொருளை உண்டாக்கிற்று. ஆளுவோர் சப்பாத்தியைச் சோதித்தார்களே தவிர, அது எந்த மனங்களின் வழியாகப் பிரயாணம் செய்ததென்பதைச் சோதிக்கவில்லை. அதுவே அவர்கள் செய்த பிழை.

கைப்பிடி உப்பு

எழுபத்து மூன்று வருஷங்களுக்குப் பிறகு அதே பிழையை மறுபுறமாகச் செய்தார்கள். முன்பு ஒன்றுமில்லாததைப் பெரிதென்று நினைத்தார்கள். பின்பு பெரியதை ஒன்றுமில்லையென்று நினைத்தார்கள். உப்பு வரியை எதிர்த்துப் போராடப் போவதாகக் காந்தியடிகள் அறிவித்தபோது, அந்த யோசனை தம் தூக்கத்தைக் கெடுக்கவில்லை என்று ராஜப்பிரதிநிதி இர்வின் பிரபு லண்டனுக்கு எழுதினார். உப்பு என்பது அவருக்கு வரிக் கணக்கில் ஒரு சிறு வரி. அவ்வளவுதான்.

இந்நாட்டு மக்களுக்கோ உப்பு என்பது வேறு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன ஜாதி இது. புது வீடு புகுவோர் முதலில் உள்ளே எடுத்துச் செல்வது உப்பு. கூழைக் குடிக்கும் ஏழைக்கு வேறு கறி இல்லாதபோது துணை நிற்பது உப்பு. அந்த உப்பைக் கடல் இலவசமாக அளிக்க, அதைத் தொட்டவனைக் குற்றவாளி என்றது சட்டம். காந்தியடிகள் 1930-ஆம் வருஷம் மார்ச்சு 12-ஆந் தேதி சபர்மதியிலிருந்து புறப்பட்டு, ஏறக்குறைய 240 மைல் நடந்து, ஏப்ரல் 6-ஆந் தேதி தண்டிக் கடற்கரையில் ஒரு பிடி உப்பை எடுத்தார். முதல் நாள் வரையில் செம்படவர் குழந்தை விளையாட்டாக அள்ளிய அதே உப்புத்தான். இருபத்து நான்கு நாள் நடை அதற்கு ஒரு சார்பைத் தந்தது. பொருள் தெரியாதவர் அதன்பின் தேசத்தில் யாருமில்லை.

தமிழ்நாட்டில் ராஜாஜி ஏப்ரல் 13-ஆந் தேதி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரணியத்தை நோக்கி நடந்தார். அப்போது தஞ்சை ஜில்லாக் கலெக்டராக இருந்த தார்ன் துரை, தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்களென்று ஊர் ஊராகத் தண்டோராப் போடச் செய்தார். விளைவு என்ன? வழியிலுள்ள மரக்கிளைகளில் சோற்று மூட்டைகள் தொங்கின! வழிப்போக்கன் கண்ணுக்கு அது யாரோ மறந்துவிட்டுப் போன கட்டுச் சோறு. பசியோடு நடந்த தொண்டனுக்கோ அது, "நாங்கள் உங்களோடு இருக்கிறோம்" என்று ஊரார் வாய் திறவாமல் சொன்ன வாக்கு. போலீஸாரும் அதன் பொருளை அறிந்துதான் இருந்தார்கள். ஆனால் மரத்தில் தொங்கும் சோற்றின்மேல் எந்தச் செக்ஷனின்கீழ் வழக்குத் தொடர்வது? கலெக்டரின் உத்தரவுதான் அந்தச் சாதாரணச் சோற்று மூட்டைக்கு அவ்வளவு பெரிய அர்த்தத்தைக் கொடுத்தது என்பதை அவர் அறிந்திருந்தால் உத்தரவே போட்டிருக்க மாட்டார்.

குல்லாயின் மூன்று காலங்கள்

இடம் மாறினால் பொருள் மாறுவதுபோலவே காலம் மாறினாலும் மாறும். இதற்குக் காந்திக் குல்லாயே சாட்சி. ஒத்துழையாமை நாட்களில் அந்த வெள்ளைக் கதர்க் குல்லாயைத் தலையில் வைப்பதே ராஜத் துவேஷம் என்று சில இடங்களில் அதிகாரிகள் தடை விதித்தார்கள். அதை அணிந்து உத்தியோகத்தை இழந்தோரும், அடிபட்டோரும் உண்டு. சுயராஜ்யம் வந்தபின் அதே குல்லாய் மந்திரிகளின் தலையில் ஏறிற்று. சில வருஷங்களில், லஞ்சம் வாங்கும் அரசியல்வாதியை வரைய விரும்பிய சித்திரக்காரர்கள் தொப்பையொன்றை வரைந்து மேலே அந்தக் குல்லாயைக் கவிழ்த்தால் போதுமென்று கண்டுகொண்டார்கள். பிறகு 2011-இல் அண்ணா ஹஸாரே உண்ணாவிரதம் இருந்தபோது, லஞ்சத்தை எதிர்த்த இளைஞர்கள் அதே குல்லாயை மறுபடியும் எடுத்து அணிந்தார்கள். தியாகத்தின் சின்னம், பதவியின் சின்னமாகி, மறுபடியும் எதிர்ப்பின் சின்னமாயிற்று. துணி அதே துணி. தையல் அதே தையல்.

அரசியல் ஊழியர்கள் இதில் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. சின்னத்தை அணிந்துவிட்டால் அதன் பெருமையும் தம்மோடு ஒட்டிக்கொள்ளுமென்று எண்ணுவது மயக்கம். அணிபவனின் நடத்தையும் சின்னத்தின் சார்பில் ஒரு பகுதி. நடத்தை கெட்டால், முன்னோர் உயிரைக் கொடுத்துத் தேடிய அர்த்தமும் கெட்டுவிடும்.

ஒரு மிட்டாயின் விலை

இதுவரையில் அன்னிய அதிகாரிகளின் பிழையைச் சொன்னோம். பிறரைச் சொல்வது எளிது. நம்முடைய பிழையையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரையால் பிரயோஜனம் இல்லை.

2018-ஆம் வருஷம் மே மாதத்தில், திருவண்ணாமலை ஜில்லாவில் போளூருக்கு அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பத்தினர் வழியில் வண்டியை நிறுத்தினார்கள். அவர்களில் அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் இருந்தார். அங்கிருந்த குழந்தைகளுக்கு அவர் மிட்டாய் கொடுத்தார். ஒரு பாட்டி குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பதைவிடச் சாதாரணமான காரியம் இவ்வுலகத்தில் உண்டா? ஆனால் குழந்தைகளைப் பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறதென்ற வதந்தி அந்நாட்களில் கைப்பேசிகளின் வழியே ஊர் ஊராகப் பரவியிருந்தது. ஊரார் கண்ணுக்கு மிட்டாய் தூண்டிலாகத் தெரிந்தது. பாட்டி கள்ளியாகத் தெரிந்தார். கூட்டம் கூடிற்று. கேள்வி கேட்க ஒருவரும் பொறுத்திருக்கவில்லை. அந்த மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார்.

அதே வருஷத்தில் இவ்வித வதந்திகளால் தேசத்தின் பல பாகங்களிலும் குற்றமற்றவர்கள் உயிரிழந்தார்கள். அப்போது பரவிய படங்களில் ஒன்றின் வரலாறு நமக்கு நல்ல எச்சரிக்கை. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதாக அப்படம் காட்டிற்று. உண்மையில் அது பெற்றோர்களை எச்சரிப்பதற்காகக் கராச்சியில் தயாரிக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, அவ்வளவு எளிதாகக் குழந்தை பறிபோகக்கூடும் என்ற வாசகத்தைக் காட்டுவதே அதன் முடிவு. அந்த முடிவை யாரோ வெட்டியெறிந்துவிட்டார்கள். மிஞ்சியதில் பொய் எதுவும் புதிதாகச் சேர்க்கப்படவில்லை. சார்பு மட்டும் நீக்கப்பட்டது. அதுவே மனிதரைக் கொல்லப் போதுமானதாயிற்று. அவ்வருஷம் ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனியார், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதென்று வரம்பு கட்டினார்கள். கையின் வேகத்திற்கு வரம்பு கட்டலாம். மனத்தின் வேகத்திற்கு யார் கட்டுவது?

1857-இல் சப்பாத்தியைக் கண்டு கலங்கியவர் நம் பாஷை தெரியாத அன்னியர். நம் வழக்கங்களைப் பாராதவர். அவருக்கு அந்த மன்னிப்பாவது உண்டு. போளூரில் மிட்டாயைக் கண்டு கலங்கியவர்களுக்கு அந்த மன்னிப்பும் இல்லை. பாட்டியின் பாஷையும், குலதெய்வத்தின் பெயரும், மிட்டாயின் அன்பும் தெரிந்த ஜனங்கள் அவர்கள். தெரிந்தும், வதந்தியின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

நம் கடமை

பொதுக் காரியங்களில் ஈடுபடுவோருக்கு இதில் விசேஷப் பொறுப்பு இருக்கிறது. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் மேடையில் பேசியதில் ஒரு வாக்கியத்தை மாத்திரம் நறுக்கியெடுத்துக் கொடி கட்டிப் பறக்கவிடுவது இன்று எல்லாக் கட்சிகளிலும் ஒரு தொழிலாகிவிட்டது. ஊர்வலத்தில் ஒருவன் உயர்த்திய கையை ஒரு பத்திரிகை வணக்கம் என்கிறது; மற்றொன்று மிரட்டல் என்கிறது. அந்தக் கைக்கு முன்னும் பின்னும் நடந்ததைச் சொல்ல இருவருக்கும் மனமில்லை. பந்தியில் குதிரையைக் கொண்டு நிறுத்திய வேலைக்காரன் மூடன். ஆனால் உப்பென்று தெரிந்தே குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துபவனை என்னவென்று சொல்வது?

ஆகையால், நேயர்களே, ஒரு சொல்லோ, படமோ, கொடியோ, செய்கையோ நம்மைக் கோபங் கொள்ளச் செய்யும்போது, அந்தக் கோபத்திற்கு இணங்குமுன் சில கேள்விகளைக் கேட்போம். இது எங்கே நடந்தது? எப்பொழுது நடந்தது? செய்தவர் யார்? யாரை நோக்கிச் செய்தார்? இதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது? இக்கேள்விகளுக்கு விடை கிடைக்கவில்லையென்றால், தீர்ப்புச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. விடை கேட்பதற்குச் செலவாகும் நேரம் ஐந்து நிமிஷம். போளூர் சாலையில் அந்த ஐந்து நிமிஷம் செலவிடப்பட்டிருக்குமானால், ஒரு பாட்டி குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டுச் சுகமாக வீடு திரும்பியிருப்பார்.